வெள்ளாடு என்ன பாவம் செய்தது?

2023ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கிறிஸ்து அரசர் பெருவிழா. அன்றைய நற்செய்தி மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வரும் இறுதித் தீர்வையைப் பற்றியது. மேய்ப்பர் ஒருவர் செம்மறியாடுகளை வலப்பக்கத்திலும் வெள்ளாடுகளை இடப்பக்கத்திலும் பிரித்து நிறுத்துவது போல, மானிட மகன் மக்களினத்தாரைப் பிரித்து நிறுத்துவார் என்பதை நமது கிளைக்கிராமத்துச் சிற்றாலயத்தில் நாம் விளக்கினோம். செம்மறியின் சாந்தத்தைப் புகழ்ந்தோம். வெள்ளாட்டின் அடங்காமையை ஒரு பிடி பிடித்தோம். வேலி தாண்டும், பிறர் பயிரை மேயும், சொல்பேச்சுக் கேளாது என்றெல்லாம் அடுக்கினோம். மக்கள் சிரித்தார்கள். மறையுரை நன்கு அமைந்ததென்று நமக்கும் உள்ளூர ஒரு நிறைவு.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் வேப்பமரத்தடியில் காத்து நின்றார். "சாமி, நம் ஊரில் செம்மறி வைத்திருப்பது இரண்டே வீடு. மற்ற எல்லாருக்கும் கஞ்சி ஊற்றுவது வெள்ளாடுதான். அது என்ன பாவம் செய்தது?" என்று கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை; உண்மையான வருத்தம் இருந்தது. பல ஆண்டுகள் மறைநூல் பயின்றவர்கள் நாம். ஆயினும் அந்த வேளையில் நமக்கு விடை வரவில்லை. "வீட்டிற்கு வந்து சொல்கிறேன், பாட்டி" என்று தப்பித்துக் கொண்டோம்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற அந்த வாரமே அவருடைய வீட்டிற்குச் சென்றோம். விடை சொல்லப் போன நாம் பாடம் கற்றுத் திரும்பினோம் என்பதே உண்மை. அப்பாடத்தைக் குடும்பங்களுக்கான இத்திங்களிதழின் வாசகர்களோடு பகிர்ந்து கொள்வது நமது கடமை எனக் கருதுகிறோம்.

கரிசல் காட்டு வீடு

கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்திற்கும் இடைப்பட்ட கரிசல் பூமி அது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் விதைக்கும் மானாவாரி நிலம். மழை பொய்த்தால் வேளாண்மையும் பொய்க்கும். அந்நாளில் வீட்டைத் தாங்குவது கொல்லையில் நிற்கும் வெள்ளாடே. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஏறத்தாழ 99 இலட்சம் வெள்ளாடுகள் இருந்தன. செம்மறிகளோ 45 இலட்சமே. அவ்வாடுகளுள் பெரும்பகுதி, பத்தும் இருபதுமாகச் சிறு குடும்பங்களின் கையில் இருப்பவை.

பாட்டியின் வீட்டில் நாம் சென்றபோது ஒரு கிடாய், 11 தாயாடுகள், 9 குட்டிகள் என 21 உருப்படிகள் இருந்தன. எல்லாம் கன்னி ஆடுகள். கரிய உடலும், முகத்தின் இருபுறமும் கொம்படியிலிருந்து மூக்கு வரை இறங்கும் கோடுகளும் அவ்வினத்தின் அடையாளம். கோடு வெண்ணிறமாயின் பால்கன்னி, செந்நிறமாயின் செங்கன்னி. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரங்களுக்கே உரிய இனம் இது. பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும், வறட்சியைத் தாங்கும், நெடுந்தூரம் நடக்கும்.

மந்தையின் முதல் வித்து அரசு தந்தது. 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்ட விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டத்தில், அவ்வூருக்கு முறை வந்தபோது பாட்டிக்கு நான்கு ஆடுகள் கிடைத்தன. அதற்கு முன்பு அவர் வைத்திருந்தவை எல்லாம் வாரத்து ஆடுகள். அதாவது ஆடு வேறொருவருடையது, வளர்ப்பு இவருடையது, பிறக்கும் குட்டிகளில் பாதி பாதி. "முதன்முதலாக முழுக்குட்டியும் எனக்கே என்று நின்ற நாளை மறக்க முடியாது, சாமி" என்றார்.

விடியலிலிருந்து அந்தி வரை

அக்குடும்பத்தில் ஐவர். பாட்டி, மகன், மருமகள், எட்டாம் வகுப்பு வயதுடைய பேத்தி, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பேரன். மகன் கோவில்பட்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளி. மருமகள் களையெடுப்பு, பருத்தி எடுப்பு எனக் காட்டு வேலைக்குப் போகிறவர். இந்த ஐவரின் நாளும் ஆட்டின் நாளோடு பின்னிக் கிடக்கிறது.

நான்கரை மணிக்குப் பாட்டி எழுகிறார். சிலுவை அடையாளம் வரைந்து, முதலில் போவது பட்டிக்கு. விளக்கின் ஒளியில் ஒவ்வோர் ஆட்டின் மூக்கையும் பார்க்கிறார். ஈரமாய் இருந்தால் நலம், சளி ஒழுகினால் கவலை. பிறகு புழுக்கையைப் பார்க்கிறார். உருண்டையாக உதிர்ந்திருந்தால் குடல் நன்றாயிருக்கிறது. கழிசலாயின் புழு இருக்கிறது. நாம் வைத்தியரிடம் போய்ப் பரிசோதனை செய்து அறிவதை அவர் ஒரு பார்வையில் அறிந்துவிடுகிறார்.

அடுத்து, கவிழ்த்து வைத்த பெருங்கூடை போன்ற கொடாப்பைத் தூக்கியதும் குட்டிகள் துள்ளி ஓடுகின்றன. இருட்டிலும் தாயும் குட்டியும் தவறாமல் சேர்ந்துவிடுகின்றன. தாயாடு குட்டியை முகர்ந்து பார்த்த பின்னரே மடியைக் கொடுக்கும். பிறர் குட்டி வந்தால் முட்டித் தள்ளும். இரட்டையில் நோஞ்சானாய் இருப்பதைப் பேத்தி மடியில் பிடித்து ஊட்டுகிறாள். பிறந்த குட்டிக்கு முதல் ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கிடைத்தால்தான் நோயை எதிர்க்கும் வலிமை வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். கன்னி ஆட்டிற்குப் பால் குறைவு. குட்டிக்குப் போக வீட்டிற்கு மிஞ்சுவது அரிது. மிஞ்சும் அன்று பாட்டியின் காப்பிக்கு ஒரு குவளை.

மருமகள் பட்டியைக் கூட்டிப் புழுக்கையைக் குப்பைக்குழியில் சேர்க்கிறார். ஆண்டிற்கு ஒருமுறை அவ்வெருவை வாங்கப் புன்செய்க்காரர்கள் வண்டியோடு வருவார்கள். இதற்குள் ஏழு மணி ஆகிவிடும். ஆயினும் ஆடுகள் உடனே வெளியே போவதில்லை. புல்லின் மேல் பனியீரம் இருக்கையில் மேய்ந்தால் குடற்புழு ஏறும்; ஆகையால் வெயில் ஏறி ஈரம் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஒன்பது மணியளவில் பட்டிப் படல் திறக்கிறது. அந்தி ஐந்து மணிக்கே திரும்பி வரும். இந்த நேரக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் தேவை வரும்.

மேய்ச்சலிலும் செம்மறிக்கும் வெள்ளாட்டிற்கும் வேற்றுமை உண்டு. செம்மறி தலை கவிழ்ந்து புல்லைக் கரும்பும். வெள்ளாடு தலை நிமிர்ந்து தழையைத் தேடும். பின்னங்காலில் எழுந்து நின்று வெள்வேலையும் கிளுவையையும் எட்டும். ஒரே செடியை மொட்டையடிக்காமல், இங்கொரு கொத்தும் அங்கொரு கொத்துமாகக் கடித்து நகர்வது அதன் இயல்பு. எட்டாத கிளையைத் தொரட்டியால் வளைத்துக் கொடுக்க வேண்டும். கோடையில் கருவேல நெற்று உதிரும்போது ஆடுகளுக்குப் பெருவிருந்து. அதைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்தால் மழைக்காலத்திற்கு ஆகும்.

மேய்ப்பவருக்கு உட்கார நேரமில்லை. பருத்திக் காட்டில் வாய் வைத்தால் சண்டை வரும். கரட்டு ஓரத்தில் தெருநாய்க் கூட்டம் காத்திருக்கும். மழை தூறினால் ஆடு ஓரடி எடுத்து வைக்காது. ஓடிப்போய் மரத்தடியில் ஒண்டும். "ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்" என்னும் பழமொழியைப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆடு நனைந்தால் உண்மையாகவே அழுகிறவரை அந்த வீட்டில்தான் கண்டோம்.

அந்தியில் திரும்பியதும் கழுநீரில் சிறிது தவிடு கலந்து வைக்கிறார்கள். சோறு மட்டும் வைப்பதில்லை. விருந்து வீட்டு மிச்சச் சோற்றை வயிறு முட்டத் தின்ற ஆடு, வயிற்றில் அமிலம் பெருகி மறுநாளே இறந்துபோவதுண்டு என்பதைப் பாட்டி ஒரு முறை இழந்து கற்றவர். விளக்கேற்றிய பின் திண்ணையில் குடும்பச் செபமாலை. பக்கத்திலேயே ஆடுகள் படுத்து அசை போடுகின்றன. "அருள்நிறைந்த மரியே" என்று வீட்டார் தொடங்கினால் குட்டிகள் கத்துவதை நிறுத்திவிடும் என்று பேரன் சத்தியம் செய்தான். நாம் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை, நம்பினோம்.

ஏழையின் வங்கி

வெள்ளாட்டை ஏழையின் பசு என்று சொல்வதுண்டு. ஏழையின் வங்கி என்றால் இன்னும் பொருந்தும். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம், அதாவது ஏறத்தாழ 150 நாள். நன்றாகப் பேணினால் இரண்டு ஆண்டுகளில் மூன்று ஈற்று. சூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒரு குட்டி. மருத்துவமனைக்குப் போக ஒரு குட்டி. கூரை ஒழுகினால் ஒரு கிடாய். யாரிடமும் கையேந்தாமல், கந்துவட்டிக்காரன் வாசலை மிதிக்காமல், சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச்சந்தைக்கு ஓட்டிச் சென்று பணத்தோடு திரும்பலாம். குட்டிகளுள் ஒன்று அந்தோனியாருக்கு நேர்ந்து விட்டது. பட்டினி வந்தாலும் அதை விற்பதில்லை. திருவிழாவில் அசனமாகி ஊருக்கே சோறு போடுவது அதன் பங்கு.

ஆனால் இந்த வங்கி ஓரிரவில் முறிந்துபோகவும் கூடும். ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் பட்டியே காலியாகும். 2030ஆம் ஆண்டிற்குள் அந்நோயை உலகிலிருந்தே ஒழிக்க வேண்டுமென்று நாடுகள் பல 2015இல் உறுதி பூண்டன. தடுப்பூசி ஒருமுறை போட்டால் குறைந்தது மூன்று ஆண்டுகள் காக்கும். மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை ஆவலோடு மேயும் ஆடு திடீரெனத் துள்ளி விழுந்து இறப்பது துள்ளுமாரி. இதற்கு ஆண்டுதோறும் மழைக்கு முன்னரே ஊசி போட வேண்டும். இவையெல்லாம் அரசு கால்நடை மருந்தகங்களில் கிடைப்பவை. நமது மக்கள் தயங்காமல் பயன்படுத்திக் கொள்ள வேண்டும்.

ஒரு புதன்கிழமை

இவற்றையெல்லாம் பார்த்துக் கொண்டிருந்தபோது மணி ஒன்பது ஆயிற்று. பேரன் பையைத் தோளில் மாட்டிக் கொண்டு பள்ளிக்கு ஓடினான். பேத்தி தூக்குச்சட்டியை எடுத்தாள், தொரட்டியைத் தோளில் சாய்த்தாள், படலைத் திறந்தாள். அன்று வேலை நாள்.

நமக்கு நெஞ்சில் ஏதோ இடறியது. ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு முன், கண்மாய்க் கரை வழியாக நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்றபோது இதே சிறுமியை ஆடுகளோடு கண்டிருந்தோம். "வீட்டிற்கு உதவுகிறாயே, நல்ல பிள்ளை!" என்று தலையில் கை வைத்து ஆசீர்வதித்தோம். அன்று புதன்கிழமை. புதன்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு ஒரு பள்ளிச் சிறுமி ஏன் கண்மாய்க் கரையில் நிற்கிறாள் என்று நமக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அவள் பெயருக்கு நேரே தொடர்ந்து வரவில்லை என்று குறித்திருந்ததையும் பார்த்தோம். பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினோம்.

நடந்தது இதுதான். புரட்டாசியில் ஒரு நாள் பாட்டி தனியே மேய்த்துக் கொண்டிருந்தபோது நாய்கள் புகுந்து மூன்று குட்டிகளைக் கடித்துக் குதறின. பாட்டிக்குக் கண்ணில் புரை. தூரத்தில் வருவது தெரியவில்லை. மூன்று குட்டிகள் என்றால் அக்குடும்பத்திற்கு ஓராண்டுச் சேமிப்பு. தந்தை வேலையை விட்டால் அடுப்பு எரியாது. தாய் வேலையை விட்டால் கடன் அடையாது. பேரன் சிறுவன். எஞ்சியவள் பேத்தி. யாரும் கூடிப் பேசித் தீர்மானிக்கவில்லை. மறுநாள் ஒரு நாளைக்கு மட்டும் என்று போனாள். அந்த ஒரு நாள் இரண்டு மாதமாக நீண்டுவிட்டது.

வாசகர்கள் நினைவில் வைக்குமாறு வேண்டிய நேரக் கணக்கு இங்கேதான் வருகிறது. ஆடு மேயும் நேரம் ஒன்பதிலிருந்து ஐந்து. பள்ளி நடக்கும் நேரமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே ஆடு வளர்க்கும் வீட்டில் ஒரு கை குறைந்தால், அதை நிரப்ப முதலில் இழுக்கப்படுவது பள்ளிப் பிள்ளையின் கை. அதிலும் பெண் பிள்ளையின் கை. இதில் யாருடைய கொடுமையும் இல்லை. ஆனால் யாருடைய கவனமும் இல்லை.

மாலையில் தந்தை வந்ததும் பேசினோம். அவர் நம்மை மதித்தே பேசினார். "பள்ளிக்கூடம் எங்கும் ஓடிப் போகாது, சாமி. ஆடு போனால் திரும்பாது" என்றார். ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை என்று 2009ஆம் ஆண்டின் சட்டம் கூறுவதையும், பதினான்கு வயதிற்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் மட்டுமே குடும்பத் தொழிலில் உதவலாம் என்று 2016ஆம் ஆண்டின் திருத்தம் வரையறுப்பதையும் எடுத்துச் சொன்னோம். அவர் தலை குனிந்து கேட்டார். ஆனால் சட்டம் வந்து ஆடு மேய்க்காது என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

அப்போது பாட்டி வாய் திறந்தார். "என்னையும் இப்படித்தான் ஒரு நாளைக்கு என்று நிறுத்தினார்கள். அறுபது வருடம் ஆடு மேய்த்தேன். சந்தையில் வியாபாரி சொன்ன கணக்குத்தான் எனக்குக் கணக்கு. மாத்திரைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கேட்கிறேன்" என்றார். பிறகு பேத்தியைப் பார்த்து, "அந்த நோட்டைக் கொண்டுவந்து சாமியிடம் காட்டு" என்றார்.

சிறுமி தயங்கித் தயங்கிப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு குறிப்பேட்டைக் கொண்டு வந்தாள். கணக்குப் பாடத்திற்கு வாங்கியது. ஒவ்வோர் ஆட்டிற்கும் ஒரு பக்கம். பெயர், அடையாளம், கிடாய் சேர்ந்த நாள், அதிலிருந்து 150 நாள் கூட்டி ஈனும் நாள், ஈன்ற குட்டி, ஊசி போட்ட நாள், புழு மருந்து கொடுத்த நாள். மேய்ச்சல் காட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். தந்தை அக்குறிப்பேட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். நெடுநேரம் புரட்டிக் கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

தோபித்தின் வீட்டில் ஓர் ஆட்டுக்குட்டி

அன்றிரவு நமக்குத் தோபித்து நூலின் இரண்டாம் அதிகாரம் நினைவிற்கு வந்தது. பார்வையிழந்த தோபித்தின் வீட்டை, அவர் மனைவி அன்னா நெசவு வேலை செய்து காப்பாற்றி வந்தார். ஒருமுறை அவருக்கு வேலை கொடுத்தவர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் பரிசாகக் கொடுத்தனுப்பினார்கள். குட்டி வீட்டிற்குள் வந்து கத்தியது. கண்ணில்லாத தோபித்து அது திருடப்பட்டதாயிருக்கும் என்று ஐயுற்றார். உரியவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அன்னா எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. நேர்மைக்கும் அறச்செயலுக்கும் பேர் போன அம்மனிதர் தம் வீட்டுக்குள்ளேயே நடந்த உழைப்பைக் காணத் தவறினார்.

தோபித்து தீயவர் அல்லர். இச்சிறுமியின் தந்தையும் தீயவர் அல்லர். ஏன், நாமும் தீய எண்ணத்தோடு அவளை வாழ்த்தவில்லை. ஆயினும் மூவரும் ஒரே குற்றத்தைச் செய்தோம். வீட்டைத் தாங்கும் கை யாருடையது, அக்கை எதை இழந்து தாங்குகிறது என்று நாம் பார்க்கவில்லை. உழைப்பு மனிதனுக்காகவே, மனிதன் உழைப்பிற்காக அல்லன் என்பது திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981ஆம் ஆண்டு மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலின் சாரம். தொழிற்சாலைகளுக்கு மட்டுமன்று, நமது ஆட்டுப் பட்டிக்கும் அது பொருந்தும்.

முறை மேய்ச்சல்

வழி பிறந்தது ஊராரிடமிருந்தே. அவ்வூரில் முன்பு முறை வைத்து மேய்க்கும் வழக்கம் இருந்ததாம்; காலப்போக்கில் அற்றுப் போயிற்று. பாட்டி அதை நினைவூட்டினார். ஆடு வைத்திருக்கும் ஐந்து வீட்டார் கூடினார்கள். அவர்களுள் மூவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் பிள்ளைக் கவலை ஐவருக்கும் ஒன்றே. ஐந்து வீட்டு ஆடுகளையும் ஒரே மந்தையாக ஓட்டுவது. திங்கள் முதல் வெள்ளி வரை வீட்டிற்கொரு நாள் பெரியவர் இருவர் மேய்ப்பது. இருவர் இருந்தால் நாயை விரட்டலாம். சனி, ஞாயிறுகளில் அவரவர் ஆட்டை அவரவர் பார்த்துக் கொள்ள வேண்டும். அன்று பிள்ளைகளும் உதவலாம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது, வாரத்தில் ஒரு நாள் கூலி போகும். ஐந்து நாளும் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள்.

இரண்டாவதாக, பாட்டியின் வீட்டார் தங்கள் மந்தையை 21இலிருந்து 17ஆகக் குறைத்தார்கள். கிறிஸ்து பிறப்பு விழாச் சந்தைக்கு நான்கு உருப்படிகள் போயின. அப்பணத்தில் ஒரு பகுதி பாட்டியின் கண் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டது. கைக்கு அடங்கிய மந்தையே நல்ல மந்தை என்பது அவர்கள் கண்ட பாடம்.

மூன்றாவதாக, சிற்றாலயத்தின் பின்புறம் முட்செடி மண்டிக் கிடந்த நிலத்தைச் சுத்தம் செய்து, வேலியோரமாக அகத்தியும் சவுண்டலும் நட்டோம். வெட்டிப் போடத் தழை கிடைத்தால் மேய்ச்சல் நேரத்தைச் சுருக்கலாம் அன்றோ! சவுண்டல் தழையை மட்டுமே கொடுத்தால் அதிலுள்ள நச்சுப்பொருளால் ஆட்டிற்கு மயிர் உதிரும்; தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் அது இருத்தலாகாது. இதை நமக்குக் கற்றுக் கொடுத்தவர் கால்நடை மருத்துவர்.

ஏற்பாடு தொடங்கிய சில நாட்களிலேயே பெருஞ்சோதனை வந்தது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த மழையை யார் மறப்பர்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவிற்குப் பெய்தது. 17ஆம் நாள் ஞாயிறு. திருப்பலிக்குச் சென்ற நாம் ஓடையில் வெள்ளம் வந்ததால் திரும்ப இயலாமல் அவ்வூரிலேயே தங்கினோம். ஐந்து வீட்டு ஆடுகளும் மேட்டில் இருந்த நமது மறைக்கல்விக் கூடத்திற்குள் அடைந்தன. சாக்கில் கட்டி வைத்திருந்த கருவேல நெற்று அன்று கை கொடுத்தது. இரவு முழுவதும் பாட்டியும் பேத்தியும் குறிப்பேட்டைப் பார்த்து, எது யார் வீட்டு ஆடு, எது சினை என்று தலை எண்ணிக் கொண்டேயிருந்தார்கள். குளிரில் இரண்டு குட்டிகள் இறந்தன, மற்றவை பிழைத்தன. மேய்ப்பர்கள் மீது ஆட்டின் மணம் வீச வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு குருக்களிடம் கூறியதைப் படித்து நாம் மகிழ்ந்ததுண்டு. அந்த இரவிற்குப் பின் நமது அங்கியை மூன்று முறை துவைத்தும் மணம் போகவில்லை!

எல்லாம் குறைவின்றி நடந்தது என்று சொல்வது பொய்யாகும். காணாமற்போன ஒரு குட்டியைப் பற்றிய பூசலில் ஒரு வீட்டார் விலகினர். அவர்களுடைய நாளை மற்ற நால்வரும் மாறி மாறி ஏற்றுக் கொண்டனர். விட்டுப் போன பாடங்களைப் பிடிக்கச் சிறுமி மிகவும் சிரமப்பட்டாள். ஆங்கிலம் அவளை அழவைத்தது. ஆயினும் 2024 சனவரியில் பள்ளிக்குத் திரும்பியவள் பிறகு நிற்கவில்லை. காலையில் குட்டிக்குப் பாலூட்டிவிட்டுப் போகிறாள். மாலையில் வந்து குறிப்பேட்டை எழுதுகிறாள். ஈனும் நாள் எப்போது என்று இப்போது தந்தையே அவளைக் கேட்கிறார்.

பாட்டிக்குச் சொன்ன விடை

பாட்டியின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடன் நமக்கு இருந்தது. பழைய உடன்படிக்கையில் பாஸ்கா பலிக்கு உரியது செம்மறியாகவும் இருக்கலாம், வெள்ளாடாகவும் இருக்கலாம் என்று விடுதலைப் பயணம் 12ஆம் அதிகாரம் அனுமதிக்கிறது. சந்திப்புக் கூடாரத்தின் மேல் விரிக்கப்பட்டது வெள்ளாட்டு உரோமத்தால் நெய்த விரிப்பே. பாலஸ்தீன நாட்டு மேய்ப்பர்கள் இரு வகை ஆட்டையும் பகலில் ஒன்றாகவே மேய்ப்பார்கள். இரவுக் குளிரைச் செம்மறி தாங்கும், வெள்ளாடு தாங்காது என்பதால் கதகதப்பான இடத்தில் அடைக்கவே அந்தியில் அதைப் பிரிப்பார்கள் என்று விவிலிய அறிஞர் சிலர் விளக்குவர். ஆகவே வெள்ளாடு ஒரு பாவமும் செய்யவில்லை என்றோம்.

உவமையில் இடப்பக்கம் நின்றவர்கள் தண்டனை பெற்றதும் அடங்காமைக்காக அன்று. பசித்தவரையும் நோயுற்றவரையும் அவர்கள் கண்டுகொள்ளவில்லை. "ஆண்டவரே, உம்மை எப்போது கண்டோம்?" என்பதே அவர்களுடைய கேள்வி. கண்மாய்க் கரையில் ஒரு புதன்கிழமை நாம் நின்ற இடம் இடப்பக்கமே என்பதைப் பாட்டியிடம் ஒப்புக் கொண்டோம். அவர் சிரித்துவிட்டு, "அதற்குத்தான் வீட்டிற்கு வந்தீர்களே, சாமி" என்றார்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் வீட்டில் ஆடு இருக்கலாம், கடை இருக்கலாம், தறியோ தீப்பெட்டிக் கட்டோ இருக்கலாம். குடும்பத் தொழிலில் பிள்ளைகள் பங்கேற்பது நல்லது. உழைப்பறியாத பிள்ளை சோற்றின் அருமை அறியாது. ஆனால் இன்றிரவு செபமாலை முடிந்தபின் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நம் வீட்டைத் தாங்குவதற்காக யார் எதை விட்டுக் கொடுத்துக் கொண்டிருக்கிறார்? ஒரு நாளைக்கு என்று நிறுத்தப்பட்ட பிள்ளை யாராவது உண்டா? உண்டெனில் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார்ந்து பேசுங்கள். பங்குத் தந்தையையும் அழையுங்கள். தொரட்டி பிடிக்கத் தெரியாவிட்டாலும் வந்து உட்காருவார். பெத்லகேமின் இரவில் மந்தையைக் காத்துக் கிடந்த இடையரைத் தேடி வந்த இறைவன், உங்கள் பட்டியையும் பிள்ளைகளையும் காத்தருள்வாராக.